சகோதரி மகன்



கல்முனைப் பக்கத்தில் ஒரு கல்யாணப் பேச்சு. இரு வீட்டாரும் கூடியிருந்தார்கள். மஹர் எவ்வளவு, வலீமா எங்கே என்றெல்லாம் பேசி முடிந்து தேநீரும் வந்துவிட்டது. பாயில் ஒதுங்கியிருந்த ஒரு மூத்தம்மா அப்போதுதான் வாயைத் திறந்தார். "எல்லாம் சரிதான் மகன், மாப்புள என்ன குடி?"

பெண்ணின் தங்கை பல்கலைக்கழகத்தில் படிப்பவள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இந்தக் காலத்திலயும் குடியா மூத்தம்மா? அதெல்லாம் ஜாஹிலிய்யாக் காலத்துக் கதை. மௌலவி இரிக்காரே, கேட்டுப் பாருங்க" என்றாள். சபையோர் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தேநீரை மெதுவாகக் குடித்துத் தப்பித்துக்கொண்டேன். ஒரு வாயில் சொல்லி முடிக்கக்கூடிய பதிலாக அது இல்லை. ஆகையால் இம்மாதம் இங்கே எழுதுகிறேன்.

குடி என்பது நமது கரையோர ஊர்களில் தாய்வழியில் வருவது. உம்மாவின் குடி எதுவோ அதுவே பிள்ளைகளின் குடி. வாப்பாவின் குடி வேறு. ஒரே குடிக்குள் பெண் எடுப்பதுமில்லை, கொடுப்பதுமில்லை. அண்டையிலுள்ள தமிழ் ஊர்களிலும் இதே வழக்கம் உண்டு. 1962 இல் எப்.எக்ஸ்.சி. நடராசா பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்' முக்குவர் குடிகளைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. அவர்களின் வாரிசுரிமை வழக்கங்களை 1876 இல் பிரிட்டோ என்பவர் தனி நூலாகவே வெளியிட்டார். திமிலருக்கும் முக்குவருக்கும் நடந்த சண்டையில் முஸ்லிம்கள் முக்குவருக்குத் துணை நின்றதாகவும், அதற்குக் கைமாறாக இவ்வூர்ப் பெண்களை மணந்து குடியேறியதாகவும், அந்தப் பெண்கள் வழியாகவே குடிமுறை நம்மிடம் வந்ததாகவும் நமது முதியோர் சொல்வார்கள். கதையில் எவ்வளவு உண்மை என்பது வேறு விடயம். ஆனால் வழக்கம் உண்மையானது. பள்ளிவாசலுக்குக் குடிக்கு ஒரு மரைக்கார் என்று வைத்திருந்த காலத்தில், மாமாவின் பதவி மருமகனுக்கு, அதாவது அவருடைய சகோதரி மகனுக்குப் போன ஊர்களும் இருந்தன.

வெளியூரார் இதைக் கேட்டால் வியப்படைவார்கள். முஸ்லிம்களிடம் இப்படியும் உண்டா என்பார்கள். இனி உங்களை நான்காயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ஒரு நாட்டுக்கு அழைத்துச் செல்கிறேன். அங்கே மன்னர்களே தம்மைச் "சகோதரி மகன்" என்று எழுதிக்கொண்டார்கள்.

அந்நாட்டின் பெயர் ஏலாம். ஈரானின் தென்மேற்கில், இன்றைய குஸிஸ்தான் மாகாணத்திலும் அதற்குக் கிழக்கேயுள்ள மலைநாட்டிலும் பரந்திருந்தது. தாழ்நிலத்தில் சூஸா, மலைப்பக்கத்தில் ஷீராஸுக்கு அண்மையில் அன்ஷான் என்று அதற்கு இரண்டு பெரிய நகரங்கள். சூஸாவை நமது வரலாற்று நூல்கள் ஸூஸ் என்று குறிக்கும். உமர் (ரலி) அவர்களின் கிலாபத்தில் அபூமூஸா அல்அஷ்அரி (ரலி) அவர்களின் படை அந்நகரை வென்றது. தானியால் (அலை) அவர்களுடையது என்று மக்கள் நம்பிய ஓர் உடல் அங்கே இருந்ததாகவும், அதை வைத்து மக்கள் மழை வேண்டி வந்ததாகவும், அது மறைவாக அடக்கம் செய்யப்பட வேண்டும் என்று உமர் (ரலி) அவர்கள் கட்டளையிட்டதாகவும் அந்நூல்களில் வருகிறது. அவர்களின் பெயரால் ஒரு ஸியாரம் இன்றும் அவ்வூரில் உண்டு.

ஆனால் ஸஹாபாக்கள் அந்நகரைக் காண்பதற்கு முன்பே அதன் வயது மூவாயிரம் ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. சூஸாவில் கிடைத்த ஒரு களிமண் பலகையில் அரசர் பட்டியல் ஒன்று இருக்கிறது. அவான் நாட்டரசர் பன்னிருவர், சிமாஷ்கி நாட்டரசர் பன்னிருவர். மொத்தம் இருபத்துநான்கு பெயர்கள். யார் யாருக்கு மகன் என்றோ எத்தனை ஆண்டு ஆண்டார் என்றோ ஒரு சொல்லும் இல்லை. ஏலாமின் முதல் இரு அரச வம்சங்களைப் பற்றிய அறிவு பெரும்பாலும் இந்தக் கைப்பிடி அளவு மண்ணில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

அவான் வம்சத்தின் கடைசிப் பெயர் புஸுர்-இன்ஷுஷினாக். கி.மு. 2100 அளவில் வாழ்ந்தவர். பல ஊர்களை வென்றார், பின்னர் ஊர் நகரத்து மன்னன் ஊர்-நம்முவிடம் தோற்றார். அவர் காலத்துக் கல்வெட்டுகளில் கோடுகளால் ஆன ஒருவகை எழுத்து இருக்கிறது. நூறாண்டுக்கு மேலாக அதை வாசிக்க முயன்றும் முழுமையாக முடியவில்லை. பிரான்சு நாட்டறிஞர் பிரான்சுவா தெசே என்பவரும் அவரது குழுவினரும் வெள்ளிப் பாத்திரங்களில் இருந்த எழுத்துகளை ஒப்பிட்டு, பெரும்பாலான எழுத்துகளை வாசித்துவிட்டதாக 2022 இல் வெளியிட்டார்கள். அறிஞர்கள் இன்னும் அதைச் சோதித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அடுத்தது சிமாஷ்கி வம்சம். இக்காலத்தில் ஊர் நகரத்து மன்னன் ஷுல்கி தன் மகளை அன்ஷானின் ஆட்சியாளனுக்கு மணமுடித்துக் கொடுத்தான். நான்காண்டு கழித்து அதே அன்ஷான் மீது படையெடுத்து அதை அழித்ததாகத் தன் ஆட்சியாண்டுக்குப் பெயரும் சூட்டினான். சம்பந்தம் செய்த வீட்டை இடிப்பது அக்காலத்திலும் இருந்திருக்கிறது! அந்தப் பெண் என்ன ஆனாள் என்பதை எழுதிவைக்க ஒருவரும் இருக்கவில்லை. பின்னர் கி.மு. 2004 அளவில் சிமாஷ்கி அரசன் கிந்தத்துவின் காலத்தில் ஏலாமியர் ஊர் நகரைப் பிடித்து, அதன் கடைசி மன்னனைக் கைதியாகத் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றார்கள்.

மூன்றாவது வம்சம்தான் நமது பேச்சுக்குரியது. அதன் அரசர்கள் 'சுக்கல்மஹ்' என்று பட்டம் பூண்டார்கள். பேரமைச்சர் என்ற பொருள்படும் சுமேரியச் சொல் அது. ஏறக்குறைய கி.மு. 1900 முதல் 1500 வரை அவர்கள் ஆண்டார்கள். கி.மு. 1765 அளவில் பாபிலோனின் ஹம்முராபியும் மாரியின் ஸிம்ரி-லிம்மும்கூட ஏலாமின் சுக்கல்மஹ்ஹைத் 'தந்தை' என்றும் தங்களை 'மகன்' என்றும் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு அவர்கள் பெரியவர்களாக இருந்தார்கள்.

இந்த வம்சத்தின் தொடக்கத்தில் எபராத், சில்ஹஹா என்று இருவர். பின்வந்த ஆட்சியாளர் பலர் தம்மை இன்னாரின் மகன் என்று எழுதவில்லை. "சில்ஹஹாவின் சகோதரி மகன்" என்றே எழுதினார்கள். சில்ஹஹா இறந்து பல தலைமுறை கழித்து வந்தவர்களும் அப்படியே எழுதினார்கள் என்பதைக் கவனியுங்கள். அத்தனை பேரும் நேரடியாக அவர் சகோதரி வயிற்றில் பிறந்திருக்க முடியாது. ஆகையால் இதற்கு என்ன பொருள் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அரசுரிமை தாய்வழியில் வந்தது என்பார் சிலர். அரச குடும்பத்தில் சகோதரனும் சகோதரியும் மணந்துகொண்டார்கள் என்பார் வேறு சிலர். (அஊது பில்லாஹ்!) அது வெறும் கௌரவப் பட்டம் என்போரும் உண்டு. எனக்குத் தோன்றுவது: பட்டம் மட்டும்தான் என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு மன்னன் தன் உரிமையை நிலைநாட்ட ஒரு பெண்ணின் வயிற்றைச் சுட்டிக்காட்ட வேண்டியிருந்தது. நம் பக்கத்தில் ஒரு தாய்வழிக் கிளையை 'வயிற்றுவார்' என்று சொல்வதில்லையா, அதுபோல.

உடனே சிலர் ஏலாமியர் தமிழரே என்று கிளம்பிவிடுவார்கள். கால்டுவெல் 1856 இலேயே பெஹிஸ்தூன் கல்வெட்டின் இரண்டாம் மொழிக்கும் திராவிட மொழிகளுக்கும் உறவு தேடினார். அமெரிக்கரான டேவிட் மெக்ஆல்பின் 1970களிலும் 80களிலும் அதை விரிவாக எழுதினார். மொழியறிஞர்களில் பெரும்பாலோர் இதை ஏற்கவில்லை. ஏலாம், ஈழம் என்ற ஓசை ஒற்றுமையை வைத்து வரலாறு எழுதினால், கொழும்புக்கும் கொலம்பஸுக்கும்கூட உறவு கண்டுபிடிக்கலாம். மேலும் ஏலாமியர் சிலைகளை வணங்கியவர்கள். நாம் அவர்களிடம் கற்க வேண்டிய தீன் ஒன்றுமில்லை. தாய்வழி என்பது எங்கோ ஒரு மூலையில் பிறந்த விசித்திரம் அல்ல என்பதற்கு மட்டுமே அவர்களைச் சாட்சிக்கு அழைத்தேன்.

சரி, மார்க்கம் என்ன சொல்கிறது? நஸப் எனும் வமிசம் வாப்பா வழியிலானது. பிள்ளைகளைத் தந்தையர் பெயரால் அழைக்குமாறு ஸூரத்துல் அஹ்ஸாபில் கட்டளை இருக்கிறது. குடி அதை மாற்றவில்லை. குடியைச் சொன்ன எவரும் வாப்பா பெயரை விட்டதில்லை. ஒரு கூட்டத்தாரின் சகோதரி மகன் அக்கூட்டத்தைச் சேர்ந்தவனே என்ற கருத்தில் புகாரியிலும் முஸ்லிமிலும் நபிமொழி உண்டு. நபி (ஸல்) அவர்களுக்கு மதீனாவின் பனூ நஜ்ஜாரோடு இருந்த உறவும் பாட்டனார் அப்துல் முத்தலிபின் தாய் ஸல்மா அவர்கள் வழியாக வந்ததுதான். ஆனால் சொத்துக்கு வந்தால் கணக்கு வேறு. நமது ஷாபிஈ மத்ஹபில் சகோதரி மகன் முதல்தர வாரிசு அல்லன், தவுல் அர்ஹாம் வகுப்பைச் சேர்ந்தவன். குடியின் பெயரால் பராயிளைத் தள்ளிவைக்க எவருக்கும் அனுமதி இல்லை. குடிப்பெருமை பேசி, இன்ன குடி உயர்வு, இன்ன குடி தாழ்வு என்பதும் கூடாது. ஸூரத்துல் ஹுஜுராத் அந்த வாசலை அடைத்துவிட்டது. ஒரே குடிக்குள் நிக்காஹ் ஹராம் என்று எண்ணுவதும் தவறு. அது ஊர் வழக்கம், ஷரீஅத் அல்ல.

இவ்வளவும் பள்ளிப் பாடம். இனிச் சொல்வதைத்தான் உங்களுக்காக எழுத நினைத்தேன்.

நமது ஊர்களில் குடியோடு சேர்ந்து வந்த இன்னொன்று வீடு. கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வளவும் வீடும் உம்மாவிடமிருந்து மகளுக்குப் போகும். இதன் கெட்ட பக்கத்தை நான் மறைக்கவில்லை. மகளுக்கு வீடு கட்ட வழியின்றி எத்தனை உம்மாமார் ஸவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டு வேலைக்குப் போய் இடுப்பொடிந்து வந்தார்கள்! கைக்கூலி கேட்கும் மாப்பிள்ளைக்கு மார்க்கத்தில் ஆதாரம் ஒன்றும் இல்லை என்று மிம்பரில் பலமுறை சொல்லிவிட்டேன். எனினும், ஒரு பெண் கணவன் வீட்டில் வாடகைக்கிருப்பவள் போல் அல்லாமல், தன் உம்மாவின் வளவில், தங்கையர் பக்கத்தில் இருக்க, தன் பெயரில் உள்ள வீட்டில் வாழ்வது சிறிய பலம் அல்ல. கோபத்தில் "வெளியே போ" என்று சொல்ல இங்கே ஆணுக்கு இடமில்லை. அக்கரைப்பற்றில் பல்லாண்டு ஆய்வு செய்த அமெரிக்கர் டெனிஸ் மெக்கில்வ்ரே 2008 இல் வெளிவந்த தம் நூலில் இம்முறையை விரிவாக எழுதியிருக்கிறார்.

2004 டிசம்பர் 26 இல் கடல் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மௌத்தானார்கள். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று கரையோடு இருந்த வீடுகள் தரையோடு போயின. பின்னர் புதிய வீடுகள் வந்தன. படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்று ஓர் இடம் இருந்தது. அந்த இடத்தில் ஆணின் பெயர் போனது. அழிந்த வீடு யாருடையது என்று கேட்கப்படாமலே, பெண்ணின் வீட்டுக்குப் பதிலாக வந்த வீடு ஆணுக்குரியதாகிய இடங்கள் பல.

இப்படியான ஒரு வழக்கு என்னிடம் வந்தது. ஊரைச் சொல்லமாட்டேன். உம்மா கடலோடு போய்விட்டார். உம்மாவின் வளவுக்கு ஈடாகக் கிடைத்த வீடு வாப்பாவின் பெயரில் எழுதப்பட்டது. வாப்பா மறுமணம் செய்தார், அதில் குற்றமில்லை. சில ஆண்டுகளில் அவரும் மௌத்தானார். இப்போது இரண்டு பெண்பிள்ளைகள், ஒரு சிற்றுமா, அவருடைய சிறுபிள்ளைகள், ஒரே வீடு. உண்மையில் அந்த உம்மா மௌத்தான அன்றே அவரது வளவில் கணவருக்குக் கால் பங்கும், மீதி அவரது ஏனைய வாரிசுகளுக்கும் உரியதாகிவிட்டன. பிள்ளைகளின் பங்கு அநாதைச் சொத்து. அதைப் பற்றி ஸூரத்துந் நிஸாவின் தொடக்கத்தில் உள்ள எச்சரிக்கையை நீங்கள் அறிவீர்கள். நான் கணக்கைப் போட்டுக் கொடுத்தேன். தாளில் கணக்குச் சரியாக வந்தது. ஆனால் அந்த வளவு உம்மாவுடையதென்று காட்ட ஓர் உறுதியும் இல்லை, கடல் கொண்டுபோய்விட்டது. மூத்த பிள்ளை தாளை மடித்து வைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

இன்னொரு வகையும் உண்டு. "இந்த வீடு மகளுக்குத்தான்" என்று வாப்பா ஊரறியச் சொல்வார். எழுதமாட்டார், கையளிக்கவும் மாட்டார். ஹிபா நிறைவேற வேண்டுமானால் பெறுபவர் அதைக் கையேற்க வேண்டும். அதைத்தான் கப்ளு என்போம். அது நடவாமல் அவர் மௌத்தானால் வீடு முழுவதும் வாரிசுச் சொத்துதான். காக்காமார் பங்கு கேட்டு வந்தால் அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. மகளுக்குக் கொடுக்க நினைப்போர் ஹயாத்தில், நல்ல சுகத்தோடு இருக்கும்போதே, ஆண்பிள்ளைகளுக்கும் அநீதி இல்லாமல் கொடுத்து முடிக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு மட்டும் அன்பளிப்புச் செய்த பஷீர் (ரலி) அவர்களிடம், மற்றப் பிள்ளைகளுக்கும் இப்படிக் கொடுத்தீரா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டதை மறக்க வேண்டாம்.

அரசாங்கக் காணியில் பெர்மிட் உள்ளோர் ஒன்றைக் கவனிக்கவும். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் பின்னுரித்தாளர் பெயரிடப்படாவிட்டால் மகனுக்கே முன்னுரிமை என்று இருந்தது. 2022 இல் அது திருத்தப்பட்டது. பெர்மிட்டை எடுத்து யார் பெயர் எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

சூஸாவில் சுக்கல்மஹ் காலத்துச் சட்டப் பத்திரங்கள் நூற்றுக்கணக்கில் கிடைத்துள்ளன. வாங்கியது, விற்றது, பாகப்பிரிவினை செய்தது எல்லாம் களிமண்ணில். மனைவிக்குக் கொடுத்ததும் மகளுக்குக் கொடுத்ததும் அவற்றில் உண்டு. முத்திரை இல்லாதவர்கள் ஈரமண்ணில் தங்கள் நகத்தைப் பதித்தார்கள். அந்த நகக்குறிகள் இன்றும் தெரிகின்றன.

அந்தக் கல்யாணம் நடந்து முடிந்தது. மாப்பிள்ளை வேறு குடிதான். வளவு மூத்தம்மாவின் பெயரில் இருந்தது. நொத்தாரிசு வீட்டுக்கே வந்து பேத்தியின் பெயரில் உறுதி எழுதினார். மூத்தம்மாவுக்குக் கையெழுத்து வராது. பெருவிரலை மையில் தொட்டு அழுத்தினார். சாட்சிக் கையொப்பம் இட்டவர்களில் நானும் ஒருவன்.