வாய்மூடத் தெரிந்த யந்திரம்

அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்து ஜார்ஜியா டெக் சர்வகலாசாலையில் செயற்கை நுண்ணறிவுப் பாடமொன்றை இணையவழி நடத்திவந்த பேராசிரியர் அசோக் கோயல், பருவந்தோறும் சுமார் 300 மாணாக்கர் எழுதிக் குவிக்கும் ஏறத்தாழ 10,000 செய்திகளுக்கு ஈடுகொடுக்க மனித உதவியாளர்களால் மட்டும் இயலாதென்று கண்டு, 2016-ஆம் ஆண்டில், ஐ.பி.எம். கம்பெனியின் வாட்சன் யந்திரத்தை ஆதாரமாகக் கொண்டு, ‘ஜில் வாட்சன்’ என்ற பெயரில் ஓர் உதவி ஆசிரியையைச் சிருஷ்டித்தார். முந்தைய பருவங்களில் சேர்ந்திருந்த சுமார் 40,000 பதிவுகளே அவளுடைய பாலபாடம்.

கட்டுரை ஆயிரம் சொற்களில் இருக்கவேண்டுமா, இரண்டாயிரமா என்று ஒரு மாணாக்கர் கேட்டார். வரம்பு ஏதுமில்லை, விஷயத்தோடு எழுதும் முறைக்கும் மதிப்பெண் உண்டு என்று விடை வந்தது. விடை எழுதியது யந்திரம் என்ற உண்மை, பருவம் முடியும் தறுவாயில்தான் சொல்லப்பட்டது. பரிசோதனையின் நிமித்தமே ஆயினும் இந்த ஒளிவுமறைவு எனக்கு உவப்பில்லை.

ஆனால் ஜில்லிடம் நான் வியப்பது அவள் பேச்சையன்று, மௌனத்தை. ஆரம்பத்தில் அவளுடைய விடைகள் விபரீதமாயிருந்தபடியால் மாணாக்கர் கண்ணில் படாத தனி இடத்தில் அவற்றைப் பரிசோதித்துத் திருத்தியபின், நூற்றுக்கு 97 பங்கேனும் நிச்சயம் ஏற்பட்டாலன்றி அவள் வாய் திறக்கலாகாது என்று விதித்து, எஞ்சிய கேள்விகளையெல்லாம் மனிதர்களுக்கே விட்டுவைத்தார்கள். “நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன்” என்று கூச்சமின்றிச் சொன்ன வாத்தியார்களை நாம் எல்லோரும் அறிவோம். அவர்கள் சொன்ன மற்ற விடைகளில் நமக்கு நம்பிக்கை பிறந்ததற்கு அதுவும் ஒரு காரணமல்லவா?

2022-ஆம் ஆண்டின் கடைசியில் சாட்ஜிபிடி வெளிவந்தபின் பெருகியிருக்கும் யந்திரங்களுக்கோ இந்தச் சங்கோசம் சுபாவத்தில் இல்லை. எழுதப்படாத புத்தகத்துக்கும் ஆசிரியர் பெயரோடு சாட்சி சொல்லும் வல்லமை அவற்றுக்கு உண்டு. ஆயினும் சமர்ப்பிக்கும் தேதி, கோப்பின் வடிவம் போன்ற, ஓயாமல் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு யந்திரம் தாராளமாக விடை சொல்லட்டும்; அதில் உபாத்தியாயருக்குச் சிரமம் குறையும். நிச்சயமில்லாத கேள்வியை மட்டும் அது மனிதரிடம் விட்டுவிட வேண்டும்.

ஆகையால், இத்தகைய உதவியாளரை விலைக்கு வாங்க உத்தேசிக்கும் கல்லூரி நிர்வாகிகள், அது எத்தனை கேள்விக்கு விடை சொல்லும் என்பதை அப்புறம் விசாரிக்கலாம். நள்ளிரவில் ஒரு முதலாண்டு மாணவன், “பாடம் ஒன்றும் பிடிபடவில்லை, படிப்பையே விட்டுவிடலாமா?” என்று தட்டெழுதினால், அந்தக் கேள்வி எந்த மனிதருடைய கைபேசிக்கு, எத்தனை மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் என்று விற்க வந்தவரிடம் முதலில் கேட்டுப் பார்க்கட்டும்.