விமானியாகும் வரை காத்திருக்க யாரிடம் நிலம் இருக்கிறது?

கோவில்பட்டி அருகே நெடுங்காலமாகப் பயன்பாடின்றிக் கிடக்கும் ஓடுதளத்தில் விமானிப் பயிற்சிப் பள்ளி தொடங்க, தமிழ்நாடு அரசின் டிட்கோ நிறுவனம் தனியாரிடம் ஒப்பந்தப்புள்ளி கோரியது. அந்தச் செய்தி எட்டயபுரத்தில் எங்கள் தெரு வரை வந்துவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படிக்கும் என் சித்தி மகள் கேட்டாள்: "அண்ணே, கம்பெனியே செலவழிச்சு பைலட் ஆக்குமாமே, நானும் எழுதட்டுமா?" தீப்பெட்டி ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சித்தி குறுக்கிட்டார்: "அங்க கூட்டிப் பெருக்க ஆள் எடுப்பாகளான்னு கேட்டுச் சொல்லு."

சித்தியின் கேள்விக்கு யாரும் பதில் சொல்லிவிடலாம். மகளின் கேள்விக்குத்தான் கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

முதலில், கம்பெனி செலவழிக்கிறதா? இண்டிகோ போன்ற நிறுவனங்கள் நடத்தும் 'கேடட் பைலட்' திட்டங்களில் நிறுவனம் தேர்வு வைத்து ஆளைப் பொறுக்குகிறது, பயிற்சிப் பள்ளியைக் கைகாட்டுகிறது, எல்லாவற்றிலும் தேறினால் வேலை என்று நிபந்தனைகளோடு ஒரு கடிதம் தருகிறது. பணம் கட்டுவது மாணவர். 200 மணி நேரம் பறப்பது, டிஜிசிஏ தேர்வுகள், ஏர்பஸ் ஏ320 போன்ற ஒரு குறிப்பிட்ட விமானத்தை ஓட்டுவதற்கான 'டைப் ரேட்டிங்' என எல்லாம் சேர்ந்து செலவு ஒரு கோடி ரூபாயைத் தொடுகிறது. கல்யாண மண்டபத்துக்கு வழி காட்டியவர், கல்யாணத்தையே தான் நடத்திவைத்ததாகச் சொல்லிக்கொள்வதைப் போன்றது இது. உண்மையிலேயே செலவை ஏற்கும் நிறுவனங்கள் உலகில் இல்லாமல் இல்லை. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2023இல் தொடங்கிய ஸ்பீட்பேர்டு திட்டத்தில் பயிற்சிச் செலவு நிறுவனத்துடையது.

அடுத்தது, கடிதம் கொடுத்த நிறுவனம் இரண்டு ஆண்டு கழித்து இருக்குமா? 2012இல் கிங்ஃபிஷர் நின்றது. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ், 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட். இடையில் 2020இல் கொரோனா வந்து, மார்ச் 25 முதல் இரண்டு மாதம் நாட்டில் உள்நாட்டுப் பயணிகள் விமானமே பறக்கவில்லை. அந்த ஜூலையில் இண்டிகோ தன் ஊழியர்களில் 10 விழுக்காட்டினரைக் குறைப்பதாக அறிவித்தது. ஜெர்மனியின் லுஃப்தான்சா தன் பயிற்சி மாணவர்களையே படிப்பைக் கைவிடும்படி அறிவுறுத்தியது. மறுபக்கமும் உண்மைதான். 2025 டிசம்பரில் புதிய பணிநேர விதிகளுக்குப் போதுமான விமானிகளை ஏற்பாடு செய்யாததால் இதே இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. ஏற்றமும் இறக்கமும் இந்தத் தொழிலில் மாறி மாறி வருகின்றன.

அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் ஓர் ஆலோசனை சொல்வார்கள்: மந்தமான காலத்தில் பயிற்சியைத் தொடங்கு, முடிக்கும்போது தொழில் எழுந்திருக்கும். கணக்கு சரி. எங்கள் கரிசல் காட்டிலும் மழைக்கு முன்பே புழுதியில் விதைப்பார்கள். மழை பெய்தால் முந்திய விளைச்சல். தப்பிவிட்டால், மறுவிதைப்புக்குக் குலுக்கையில் தானியம் வைத்திருப்பவர் பிழைத்துக்கொள்வார். வட்டிக்கு வாங்கி விதைத்தவர் நிலத்தையே விற்பார்.

காத்திருக்கும் விமானிக்குச் செலவு நிற்பதில்லை. கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவதற்கான தகுதியை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், மருத்துவச் சான்றையும் புதுப்பிக்க வேண்டும். பறக்கும் பழக்கம் விடாமலிருக்க மணிக்கணக்கில் பணம் கட்டிப் பறக்க வேண்டும். கடனுக்கு வட்டி தனியாக ஓடும். உதவித்தொகை மாதக்கணக்கில் வராதபோது விடுதி உணவகத்தில் கடன் சொல்லிச் சாப்பிட்ட ஆய்வு மாணவன் நான். அதே நாட்களில் அப்பாவின் தோப்பு வருமானத்தில் நிம்மதியாக ஆய்வேட்டை எழுதியவர்களையும் பார்த்திருக்கிறேன். திறமையில் எங்களுக்குள் வித்தியாசம் இருந்ததாக நினைவில்லை.

காத்திருக்க முடிவது ஒரு சொத்து. இந்த நாட்டில் சொத்து சாதி வழியாக வருகிறது. பொதுவாக ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக்கடன் வேண்டுமென்றால் வங்கி சொத்துப் பிணையம் கேட்கும். எங்கள் பகுதியில் யாரிடம் இருக்கிறது அந்தப் பிணையம்? 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஜமீன் ஒழிந்தது, நிலம் சேரிப் பக்கம் வரவில்லை. காலனி வீட்டின் பட்டாவை வைத்து ஒரு கோடி யார் தருவார்கள்?

ஏர் இந்தியா பொதுத்துறையில் இருந்தவரை அதன் பயிற்சி விமானிப் பணியிடங்களில் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோருக்கு ஒதுக்கீடு இருந்தது. 2022 ஜனவரி 27இல் அது டாடாவின் கைக்குப் போனபோது அந்தக் கதவும் சேர்ந்து அடைபட்டது. "கோட்டாவுல வந்தவன் ஓட்டுற பிளைட்ல ஏறுவியா?" என்று இன்றும் கேட்கிறார்கள். உரிமத்துக்கான 200 மணி நேரத்திலும், டிஜிசிஏ தேர்விலும், மருத்துவப் பரிசோதனையிலும் யாருக்கும் சலுகை கிடையாது. ஒதுக்கீடு வாசலோடு முடிந்துவிடுகிறது. இப்போது அந்த வாசலில் ஒரு கோடி ரூபாய்க்கான கோட்டாதான் நடைமுறையில் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பதறுவதில்லை.

அண்ணல் அம்பேத்கர் 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகம் போனது பரோடா மன்னரின் உதவித்தொகையில். திரும்பி வந்து பத்தாண்டுகள் சமஸ்தானத்தில் பணியாற்ற வேண்டும் என்பது ஒப்பந்தம். செலவு கொடுத்தவருடையது, உழைப்பு படித்தவருடையது. ஸ்பான்சர் என்ற சொல்லுக்கு நியாயமான பொருள் இதுதான். 1917இல் பணியேற்கப் போனவருக்கு பரோடாவில் தங்க இடம் கொடுக்க ஆளில்லை என்பதையும் மறந்துவிட வேண்டாம். படிக்க வைப்பதோடு பொறுப்பு முடிவதில்லை.

அரசால் முடியாத காரியமா இது? கேரளத்தில் ராஜீவ் காந்தி விமானத் தொழில்நுட்ப அகாடமியில் படிக்கும் பட்டியல் சாதி மாணவர்களுக்குக் கட்டணத்தை அரசு ஏற்கும் வழி உண்டு. ஒன்றிய அரசின் உயர்தரக் கல்வித் திட்டத்திலும் விமானப் பயிற்சிக்கு இடமிருந்தது. ஆனால் தனியார் பயிற்சிக் கழகங்களுக்கு ஆண்டுக்கு 3.72 லட்சம் ரூபாய்தான் உச்சவரம்பு என்று அதில் எழுதிவைத்தார்கள். தமிழ்நாட்டின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் தொழில் தொடங்குவோருக்கு ஒன்றரைக் கோடி வரை மூலதன மானியம் தருகிறது. ஒரு லாரி நிறுவனத்துக்கு மானியம் உண்டு என்றால், ஒரு விமானிக்கு ஏன் கூடாது?

சேலம் உள்ளிட்ட விமான நிலையங்களில் பயிற்சிப் பள்ளி தொடங்கும் நிறுவனங்களுக்கு ஒன்றிய அரசு ராயல்டியையே விட்டுக்கொடுத்தது. நிறுவனங்களின் நட்டத்தை மக்கள் பணம் தாங்கலாம் என்றால், எங்கள் பிள்ளைகளின் நட்டத்தையும் தாங்கட்டும். கோவில்பட்டி ஒப்பந்தத்திலேயே ஒதுக்கீட்டு இடங்கள் எழுதப்பட வேண்டும். அந்த இடங்களுக்கான முழுக் கட்டணத்தையும் தாட்கோ செலுத்த வேண்டும். வேலை கிடைக்கும் வரை வட்டியில்லை, உரிமம் புதுப்பிக்கும் செலவு அரசுடையது, வேலை கிடைத்த பின் சம்பளத்திலிருந்து திருப்பிக் கட்டலாம் என்று விதி வேண்டும். தொழில் மந்தமான ஆண்டில்தான் இந்த விதிக்கு வேலை. நல்ல காலத்தில் மட்டும் பிடிக்கிற குடை யாருக்கு வேண்டும்?

சித்தி மகளிடம், "படி, எழுது. ஆனா எந்தக் கம்பெனிக் கடிதத்தை நம்பியும் வீட்டை அடகு வைக்க விடாதே" என்று சொல்லியிருக்கிறேன். வரும் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் தூத்துக்குடி ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்க மனு தயார். சித்தி ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு எங்களோடு வருகிறார்.