நரககுண்டத்து இருவாச்சி

போன வாரம் வழக்கம்போல கரண்ட் போன நேரம். மூன்றாம் வகுப்பு படிக்கிற மகள் டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அப்பா, இதுக்குத் தமிழ்ல என்ன பேரு?"

பள்ளியில் ஒரு ப்ராஜெக்ட். பக்கத்துத் தீவுகளில் அழியும் ஆபத்தில் இருக்கிற ஒரு உயிரினத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் பெயரை அவரவர் வீட்டு மொழியில் எழுத வேண்டும். எல்லாரும் எழுதிவிட்டார்களாம், இவள் இடம் மட்டும் காலி. "நம்ம மொழியில இல்லேன்னு எழுதிரவா?" என்று கேட்டதுதான் எனக்குச் சுருக்கென்றது.

படத்தில் இருந்தது நார்கொண்டம் இருவாச்சி. கறுப்பு உடம்பு, வெள்ளை வால், ஆணுக்கு மட்டும் செம்பழுப்புத் தலை. நான் வால்பாறைக்காரன். எஸ்டேட் லயத்துக்கு மேலே பெரிய இருவாச்சி பறந்தால் ரயில் வருகிற மாதிரி இறக்கைச் சத்தம் கேட்கும். அலகுக்கு மேலே இன்னொரு அலகு வைத்த மாதிரி இருப்பதால் இரண்டு வாய், இருவாய்ச்சி. அதனால் பாதிப் பெயர் கையில் இருந்தது. மீதிப் பாதி அந்தத் தீவு.

யாங்கூனிலிருந்து நார்கொண்டத்துக்கு எவ்வளவு தூரம் என்று அட்சரேகை, தீர்க்கரேகை போட்டுக் கணக்குப் பார்த்தேன் (தொழில் புத்தி!). ஏறத்தாழ 430 கிலோமீட்டர். சென்னையிலிருந்து 1,500. ஆனாலும் தீவு இந்தியாவுடையது. பர்மாவும் அதைத் தனதென்று சொல்லிக்கொண்டிருந்தது. 1986 டிசம்பரில் இதே ஊரில் கையெழுத்தான கடல் எல்லை ஒப்பந்தத்தில்தான் அந்தப் பேச்சு முடிந்தது. தீவின் பரப்பு 7 சதுர கிலோமீட்டர்கூட இல்லை. ஒரு போலீஸ் சாவடியைத் தவிர மனித நடமாட்டம் கிடையாது. உலகத்தில் வேறெங்கும் இந்த இருவாச்சி இல்லை. பழைய கணக்கெடுப்புகள் 300, 400 என்றன. சமீபத்திய ஆய்வு ஆயிரத்தை ஒட்டிச் சொல்கிறது.

பெட்டை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும். ஒரு பிளவு மட்டும் விடும். மாதக்கணக்கில் ஆண்தான் அத்திப்பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். ஆக, பெரிய பொந்துள்ள கிழட்டு மரங்கள் இருந்தால்தான் குஞ்சு. போலீஸ்காரர்களோடு வந்த ஆடுகள் பெருகி, முளைக்கிற கன்றையெல்லாம் மேய்ந்தன. பிறகு பிடித்து அப்புறப்படுத்தினார்கள். அடுத்து ரேடார் நிலையம். 2012-ல் சுற்றுச்சூழல் அமைச்சகம் வேண்டாம் என்றது, 2014-ல் சரி என்றது. நாட்டுப் பாதுகாப்பு முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் பறவைக்குப் போக இன்னொரு தீவு இல்லையே.

பெயருக்கு வருகிறேன். ஹென்றி யூல் என்கிற ஸ்காட்லாந்துக்காரர், நார்கொண்டம் என்பது 'நரக குண்டம்' ஆக இருக்கலாம் என்று எழுதினார். அந்தக் காலத்தில் நம் பக்கத்துக் கடலோடிகள் வைத்த பெயர் என்பது அவர் ஊகம். ஒரு சிக்கல்: நார்கொண்டம் எப்போதோ அணைந்துபோன எரிமலை, அதில் பள்ளமே இல்லை. தெற்கே இருக்கிற பேரன் தீவுதான் இன்றும் புகைகிற எரிமலை. அந்தத் தீவின் பெயர் இடம் மாறி இங்கே ஒட்டிக்கொண்டது என்று நிலவியல் துறையின் மேலட் என்பவர் சொன்னார். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. விலாசம் மாறி வந்த கடிதம் மாதிரி, பக்கத்துத் தீவின் பெயரை ஒரு பறவை சுமக்கிறது. 1873-ல் ஹ்யூம் வைத்த விஞ்ஞானப் பெயரிலும் 'நார்கொண்டமி' ஏறிவிட்டது.

இதையெல்லாம் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கீழ்வீட்டுப் பாட்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பாட்டி இங்கேயே பிறந்தவர். அறுபதுகளில் சொந்தக்காரர்கள் எல்லாம் கப்பல் ஏறியபோதும் போகாமல் இருந்துவிட்ட குடும்பம். படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது அவுச்சின் தம்பி. சின் மலைக்காரங்க கொண்டாடுவாங்களே, அது."

"அது பர்மியப் பேரு பாட்டி. தமிழ்ல இருவாச்சி."

"அப்படியா? எங்கம்மா சொல்லிக் கேட்டதில்லையே." ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு, "குண்டம்னா நம்ம தீமிதிக் குழிதானே?"

"அதேதான் பாட்டி. எங்க பக்கம் குண்டம் எறங்குறதுன்னுதான் சொல்வோம்."

"அப்ப நரககுண்டத்து அவுச்சின்னு எழுதச் சொல்லு" என்றார், விஷயம் முடிந்த மாதிரி.

நான் திருத்த வாயெடுத்தேன். அதற்குள் மகள் எழுத ஆரம்பித்துவிட்டாள். 'ண்ட'-வில் எத்தனை சுழி என்று மட்டும் கேட்டாள். மூணு சுழி என்றார் பாட்டி.