கணக்குப் பிழையா, பெட்டி பிழையா?

ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர் ஒருவர் என் தமக்கையாருக்கு அழகியதோர் இஸ்திரிப் பெட்டியைப் பரிசாகக் கொணர்ந்தார். மறுநாட் காலை, இளைய மகளின் வெள்ளைச் சீருடைக்கு மடிப்புப் போடுவதற்காகத் தமக்கையார் அதனை மின்னிணைப்பிற் செருகினார். சிறிது நேரத்துள் கருகல் மணம் எழுந்தது. துணியிலே பெட்டியின் அச்சுப் பழுப்பு நிறத்திற் பதிந்தது. கைப்பிடியின் அடியிலிருந்து புகை கிளம்பிற்று. நல்ல வேளையாக ஆளி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

அன்று மாலை நான் அங்கு சென்றபோது, உயர்தர வகுப்பிற் பௌதிகவியல் கற்கும் மருமகன் தாளும் பேனாவுமாகக் காத்திருந்தான்.

"மாமா, பெட்டியில் 120 வோல்ற்று, 1200 உவாற்று என்று போட்டிருக்கிறது. அழுத்தத்தை ஓட்டத்தாற் பெருக்கினால் வலு. இங்கே அழுத்தம் 230 வோல்ற்று, ஏறக்குறைய இரு மடங்கு. அப்படியானால் ஓட்டம் பாதியாகக் குறையவல்லவோ வேண்டும்? பிறகு ஏன் எரிந்தது? கணக்குப் பிழையா, பெட்டி பிழையா?"

பெருக்கலிற் பிழையில்லை. 1200 உவாற்று என்பது பெட்டியோடு பிறந்த குணம் என்று அவன் எண்ணியதே பிழை. பரீட்சையில் நல்ல புள்ளி பெறும் மாணவர் பலரும் இவ்விடத்தில் இடறுவதைக் கண்டிருக்கிறேன். பெட்டிக்குள் இருப்பது ஒரு நிக்குரோம் கம்பிச் சுருள். அச்சுருளுக்குச் சொந்தமானது அதன் தடை. 1200 உவாற்று என்பது அத்தடைக்கு 120 வோல்ற்றைக் கொடுத்தால் விளைவது. வேறு அழுத்தத்திற்கு அந்த எண் பொருந்தாது.

ஆகவே தடையிலிருந்து தொடங்குவோம். 1200 உவாற்றை 120 வோல்ற்றால் வகுத்தால் 10 அம்பியர்; கனடாவில் அப்பெட்டி இழுக்கும் ஓட்டம் அது. 120 வோல்ற்றை 10 அம்பியரால் வகுத்தால் 12 ஓம். இதுவே சுருளின் தடை. விமானம் ஏறியதனால் இது மாறிவிடுவதில்லை. இங்கே 230 வோல்ற்றை அதே 12 ஓமால் வகுத்துப் பாருங்கள்: 19 அம்பியருக்குச் சற்று மேல். அதனை 230 ஆற் பெருக்கினால் ஏறக்குறைய 4400 உவாற்று! அழுத்தம் கூடும்போது ஓட்டமும் உடன் கூடுவதால், வலு அழுத்தத்தின் வர்க்கத்திற்கேற்ப ஏறுகிறது. மூன்றரை இஸ்திரிப் பெட்டிகளுக்கு மேற்பட்ட வெப்பம் ஒரே பெட்டிக்குள் அடைபட்டது என்று கொள்ளலாம். உள்ளிருக்கும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி 10 அம்பியரைத் துண்டிக்க அமைந்தது. அதன்மேற் பழி கூறுவது நியாயமன்று.

"உருகி ஏன் காப்பாற்றவில்லை?" என்று தமக்கையார் கேட்டார். வெளிநாட்டுச் செருகிக்காகக் கடையில் வாங்கிய மலிவான இணைப்பியில் உருகியே இல்லை. இருந்திருப்பினும், 13 அம்பியர் உருகி 19 அம்பியரை நெடுநேரம் தாங்கிக்கொண்டிருக்கக் கூடியது. வீட்டிலுள்ள "ட்ரிப் சுவிச்சு"ம் நிலத்திற்குக் கசியும் மின்னைக் கண்டே விழுவது. மின்னோட்டம் மிகுந்ததற்காக மட்டும் அது விழாது. இதனைப் பல இல்லங்களில் அறிந்திலர்.

இந்தத் தடைக் கணக்கை நமக்குத் தந்தவர் ஜெர்மனியரான ஜோர்ஜ் சைமன் ஓம். பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகன். கொலோன் நகரிற் பள்ளியாசிரியர். அக்காலத்து மின்கலங்களின் வேகம் நிலைத்து நில்லாமையால், பிசுமதையும் செம்பையும் இணைத்து, ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மறு சந்தியைப் பனிக்கட்டியிலும் வைத்து, மாறாத மின்னைப் பெற்றார். ஒரே பருமனும் வெவ்வேறு நீளமும் உடைய எட்டுச் செம்புக் கம்பிகளை மாற்றி மாற்றி இணைத்து அளந்தார். 1827 இல் நூல் வெளிவந்தபோது சொந்த நாட்டிலே அதனை மதித்தோர் சிலரே. லண்டன் றோயல் சங்கம் 1841 இற் கொப்ளிப் பதக்கம் வழங்கிய பின்னரே அவர் பெருமை பரவிற்று.

வெப்பநிலை மாறாதவரை என்ற நிபந்தனை ஓமின் விதிக்கு உண்டு. 230 வோல்ற்று, 60 உவாற்று இழை மின்குமிழைக் கணக்கிட்டால் தடை ஏறக்குறைய 880 ஓம் என வரும். அணைந்து குளிர்ந்த குமிழை அளந்தாலோ அதில் பத்திலொரு பங்கும் இராது. தங்குதன் இழை சூடேறவே தடை அவ்வளவு உயர்கிறது. பழைய குமிழ்கள் ஆளியைப் போட்ட கணத்திலேயே பெரும்பாலும் அறுந்ததன் காரணம் இதுவே. நிக்குரோமின் தடை வெப்பத்தால் அதிகம் மாறாதாகையால் நம் பெட்டிக் கணக்கு உண்மைக்கு அண்மையிலேயே நிற்கும்.

மருமகன் விடவில்லை. "அப்படியென்றால், அவர்கள் கொண்டுவந்த கைத்தொலைபேசிச் சார்ச்சர் மட்டும் இங்கே எரியவில்லையே!" என்றான். நல்ல கேள்வி. அதன் முதுகில் 100 முதல் 240 வோல்ற்று வரை என்று எழுதியிருக்கும். அது வெறுங் கம்பிச் சுருளன்று. தனக்கு வேண்டிய வலுவை மட்டும் அளந்து இழுக்கும் மின்னணுச் சுற்று. அழுத்தம் இரு மடங்கானால் அதன் ஓட்டம் ஏறக்குறையப் பாதியாகிறது. காலையில் அவன் பெட்டிக்குப் போட்ட கணக்கு சார்ச்சருக்கு மெத்தச் சரி!

பெட்டியை ஒரு மின்மாற்றி கொண்டு பயன்படுத்தலாமா என்று தமக்கையார் விசாரித்தார். 1200 உவாற்றுக்குக் குறையாத மின்மாற்றி வேண்டும். அது பாரமானது, இங்கே புதிய பெட்டி வாங்குவதே இலாபம் என்றேன். சீருடைக்கு மாற்று ஏற்கெனவே தைக்கக் கொடுத்தாயிற்று.

உறவினர் திரும்பும்போது, பதில் உபகாரமாக இங்கிருந்து ஒரு மின் கேத்தலைக் கொடுத்தனுப்பத் தமக்கையார் எண்ணியிருக்கிறார். அதன் அடியில் 230 வோல்ற்று, 2000 உவாற்று என்றுள்ளது. ரொறன்ரோவில் அது எத்தனை உவாற்று வலு தரும்? மாணவர்கள் முதலில் தடையைக் கண்டுபிடித்துச் செய்து பார்க்கட்டும். விடை 544 உவாற்றுக்கு அருகில் வராவிட்டால், மருமகனின் பழைய வழியிற் போயிருக்கிறீர்கள்.