பூங்குழலிக்கு எதற்கு ராஜா?

'பொன்னியின் செல்வன்' படிச்சிருக்கீங்களா? படம் மட்டும் பார்த்திருந்தாலும் பூங்குழலியைத் தெரிஞ்சிருக்கும். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். நான் பெருமுக்கல். அம்மா மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாருறாங்க. கடலையும் உழைப்பையும் நம்பி வாழும் அவள் எங்க ஊர்ப் பெண் மாதிரிதான் தெரிவாள்.

கோடிக்கரை கலங்கரை விளக்கக் காவலரின் மகள் அவள். இளவரசன் அருள்மொழியைக் கடலில் இருந்து காப்பாற்றுகிறாள், விரும்பவும் செய்கிறாள். ஆனால் அவனுக்கு மனைவியாவது கொடும்பாளூர் இளவரசி வானதி. பூங்குழலி, கோயிலுக்குப் பூ எடுத்துப் போகும் சேந்தன் அமுதனைக் கட்டிக்கிறாள். கதையை அங்கேயே விட்டிருக்கலாம். ஆனால் கல்கி, அந்த அமுதன்தான் நிஜமான சோழ வாரிசு என்று சொல்லி அவளை ராணி ஆக்கிவிட்டார்!

'சிவகாமியின் சபத'த்தில் இந்த அதிர்ஷ்டமும் இல்லை. நரசிம்மவர்மன் பாண்டிய இளவரசியை மணக்கிறான். சிற்பியின் மகள் சிவகாமி, இறைவனுக்கே தன்னைக் கொடுத்துவிடுகிறாள். காதல் அரண்மனைச் சுவரைத் தாண்டும், தாலி தாண்டாது. இரண்டு கதையும் இதைத்தான் சொல்லுது.

'அந்தக் காலம் அப்படி'ன்னு சொல்வீங்க. 'பொன்னியின் செல்வன்' தொடர் முடிந்தது 1954இல். அதே வருஷம்தான் சாதி, மதம் பார்க்காமல் பதிவுத் திருமணம் செய்ய வழிவிடும் சிறப்புத் திருமணச் சட்டமும் வந்தது. வயது வந்த இருவர் சம்மதித்தால் போதும், குடும்பமோ ஊரோ சம்மதிக்க வேண்டியதில்லை என்று 2018இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

நாம என்ன பண்றோம்? "முதல்ல நல்ல பேக்கேஜ்ல பிளேஸ் ஆகு, அப்புறம் வீட்ல பேசலாம்." இந்த வசனத்தை நீங்களும் கேட்டிருப்பீங்க, சிலர் சொல்லியும் இருப்பீங்க. எனக்கும் ஒருத்தன் சொன்னான். சொந்தக் காலில் நிற்கணும் என்பது சரிதான். ஆனால் அவன் காத்திருப்பது அதுக்காக இல்லை. 'உப்பளத்துக்காரங்க பொண்ணு' என்பதை 'ஐடி பொண்ணு' என்று மாத்திச் சொல்லத்தான். சேந்தன் அமுதன் திடீர்னு இளவரசன் ஆன மாதிரி, நான் ஆஃபர் லெட்டரோடு வரணும். சரி, வாங்கிட்டே வந்தாலும் அது என் சாதியை மாத்துமா? அப்போ அடுத்து எதுக்காகக் காத்திருப்பான்?

பூங்குழலி சரின்னு சொன்னது ராஜாவுக்கு இல்லை, பூ கொண்டு போகிறவனுக்கு. எனக்கு அவளிடம் பிடித்ததே அதுதான். நீங்க விரும்புறவங்களை, இன்னைக்கு இருக்கிற மாதிரியே உங்க வீட்டில் அறிமுகப்படுத்த முடியுமா? முடியாதுன்னா, அதை இப்பவே அவங்ககிட்ட சொல்லிடுங்க. நாலு வருஷம் காக்க வைக்காதீங்க.