தாம்பரத்தில் நின்றது, எலகங்காவில் தொடர்ந்தது!

சேலையூர், மாடம்பாக்கம் பக்கம் குடியிருப்பவர்களுக்குத் தாம்பரம் விமானப்படைத் தளத்தின் பயிற்சி விமானச் சத்தம் பழகிப்போன ஒன்று. நட்பு நாடுகளின் வீரர்களும் இங்கே பயிற்சிக்கு வருவதுண்டு.

2012 ஜூலையில் அப்படி வந்த இலங்கை விமானப்படையினர் 9 பேரால் தமிழ்நாடே கொதித்தது. 2009 போரின் ரணம் ஆறாத நேரம் அது. அன்றைய முதல்வர் ஜெயலலிதா எதிர்ப்புத் தெரிவிக்க, மத்திய அரசு அவர்களைப் பெங்களூரு எலகங்காவுக்கு மாற்றியது. இடம்தான் மாறியது, பயிற்சி நிற்கவில்லை.

ஏன்? டெல்லியின் கணக்கு வேறு. இலங்கையின் அம்பாந்தோட்டையில் சீனக் கடனில் கட்டிய துறைமுகம் 2010-லேயே திறக்கப்பட்டுவிட்டது. நாம் கதவை மூடினால், கொழும்பு இன்னும் சீனா பக்கம் சாயும் என்ற கவலை.

அந்தக் கணக்கு பலித்ததா? 2017-ல் அதே துறைமுகம் 99 வருடக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போனது. 2022 ஆகஸ்ட் 15-ல் இந்தியா இலங்கைக்கு டோர்னியர் கண்காணிப்பு விமானம் கொடுத்தது. மறுநாளே, இந்தியாவின் கவலையையும் மீறி, சீனாவின் ‘யுவான் வாங் 5’ கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்து நின்றது.

அதே மாதம், அமெரிக்கக் கடற்படையின் ‘சார்லஸ் ட்ரூ’ கப்பல் பழுதுபார்ப்புக்காகச் சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளிக்கு வந்தது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று இந்தியாவில் பழுதுபார்க்கப்பட்டது அதுவே முதல்முறை.

வல்லரசுப் போட்டியில் சின்ன நாடுகள் இரண்டு பக்கமும் கை நீட்டும். அது அவர்கள் சாமர்த்தியம். ஆனால், பாக் நீரிணைக்கு இந்தப் பக்கம் இருக்கும் தமிழர்களின் மனதையும் டெல்லி அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாமா?