தொழிற்சாலை முத்திரை வீட்டைத் தாங்குமா?

அமெரிக்காவில் தொழிற்சாலையிலேயே முழு வீட்டையும் கட்டி, லாரியில் இழுத்து வந்து மனையில் இறக்குகிறார்கள். வசதி குறைந்த பலருக்குச் சொந்த வீடு என்றால் இதுதான். கட்டுமானத்துக்கு 1976 ஜூன் முதல் மத்திய அரசின் விதி உண்டு. சோதனை முடிந்ததும் சிவப்புத் தகடு பதித்துவிடுவார்கள்.

சரி, மனையில் இறக்கிய பிறகு? அடியிலுள்ள தூண்கள் ஈர மண்ணில் இறங்கினால் வீடு கோணும், கதவு மூடாது. தரையோடு பிணைக்கும் இரும்புப் பட்டை தளர்ந்தால் புயல் வீட்டையே புரட்டும். தகடா தாங்கும்?

1992-ல் ஆண்ட்ரூ புயல் தெற்கு ஃபுளோரிடாவில் இத்தகைய வீடுகளை நொறுக்கியது. 1994-ல் காற்றைத் தாங்கும் கட்டுமான விதிகளைக் கடுமையாக்கினார்கள். ஆனால் வீட்டை மனையில் நிறுவுவதற்கும் அதைப் பரிசோதிப்பதற்கும் நாடு தழுவிய சட்டம் 2000-ல்தான் வந்தது. நடைமுறை விதிகள் வர 2007, 2008 ஆகிவிட்டது!

பரிசோதனை வைத்தால் விலை ஏறும் என்பார்கள். ஏறட்டும். சுவர் விரிசல் விட்டால் தொழிற்சாலை நிறுவியவரைக் கைகாட்டும். நிறுவியவர் தொழிற்சாலையைக் கைகாட்டுவார். நடுவில் கடன் தவணை கட்டுபவனிடம் என்ன சாட்சி இருக்கிறது? குனிந்து வீட்டின் அடியைப் பார்த்துக் கையெழுத்திட்ட பரிசோதகரின் தாள் ஒன்றுதான். அது இல்லாமல் சாவியைக் கொடுப்பது வியாபாரம் அல்ல, ஏமாற்று.